பிளஸ் டூ விடைத்தாளும் கல்லூரி ஆசைகளும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி கட்டாயம் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு எழுத வேண்டும், அல்லது ஹோட்டல் சாப்பாடு சரியில்லை என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு. அனுப்புநர் என்ற இடத்தில் மாணவர் தன் பெயரை எழுதக் கூடாது. விடைத்தாளில் ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கும் எதுவும் இருக்கக் கூடாது என்பது தேர்வு விதி. அதனால் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் ‘அ அ அ’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். ஆங்கிலத் தாளில் அதே ஆளுக்குப் பெயர் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ்’.

விதியில் தப்பில்லை. திருத்துகிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது, சரி. ஆனால் கைடில் அப்படி இருக்கிறது, அதனால் வகுப்பு நோட்டிலும் அப்படியே. தன் தெருவில் நிஜமாகவே விளக்கு எரியாத பிள்ளையும் தன் பெயரில், தன் தெருவைப் பற்றி ஒரு முறைகூடக் கடிதம் எழுதாமல் பள்ளியை முடித்துவிடுகிறது. கல்லூரிக்கு வந்து, உதவித்தொகை ஏன் வரவில்லை என்று முதல்வருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வரும்போதுதான் சிக்கல் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா எல்லாம் மளமளவென்று வந்துவிடும். அதற்குக் கீழே, தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய நான்கு வரியில் பேனா நின்றுவிடும். பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் “நீ எப்படி எழுதுன?” என்ற கேள்வி போகும்.

எழுத்து என்றால் என்ன, அது யாருடைய வேலை என்பதைப் பற்றி ஒரு தீர்ப்போடுதான் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். ‘எனக்கு எழுத வரும்’ அல்லது ‘எனக்கு எழுத வராது’. பதினைந்து வயதிலிருந்து பதினேழு வயதுக்குள், பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்துப் போட்டுக்கொண்ட தீர்ப்பு இது. எந்தத் துறையில் சேர்வது, எந்தப் பேப்பரைக் கண்டு பயப்படுவது, ப்ராஜெக்டை யார் செய்வது, டிகிரி முடித்து எந்தத் தேர்வுக்குப் படிப்பது என்று பல விஷயங்களில் அது கூடவே வருகிறது. பலருடைய ஆசை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது ஒரு வேலி போட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

பொதுத்தேர்வு என்ன மாதிரி எழுத்தைக் கேட்கிறது என்று முதலில் பார்க்கலாம். பிளஸ் டூ ஆங்கிலத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இரண்டு மதிப்பெண்ணுக்கு 7, மூன்று மதிப்பெண்ணுக்கு 7, ஐந்து மதிப்பெண்ணுக்கு 7. அதாவது மூன்று மணி நேரத்தில் நாற்பத்தோரு துண்டுகள். மிகப் பெரிய துண்டே சுமார் 150 சொற்களில் முடிந்துவிடும். ஒரு விஷயத்தை எடுத்து ஆற அமர யோசித்து, மூன்று பக்கம் வளர்த்துக்கொண்டு போக அங்கே இடமே இல்லை. தமிழ்த் தாளில் நெடுவினா உண்டு, ஆறு மதிப்பெண். அதிலும் பொதுக்கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகத்தைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவதுண்டு. முன்னுரை, நடுவில் நான்கைந்து தலைப்பு, முடிவுரை. தலைப்பைக் கறுப்பு மையில் எழுதி, அடிக்கோடிட்டு, கீழே நீல மையில் நிரப்பினால் கட்டுரை தயார்.

இந்த அலங்காரத்துக்குக் காரணம் இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்காரும் ஆசிரியர் ஒரு நாளைக்கு இருபதுக்கும் மேற்பட்ட விடைத்தாள்களைப் பார்த்தாக வேண்டும். கையில் விடைக்குறிப்பு. அதில் உள்ள சொல் தாளில் கண்ணில் பட்டால் மதிப்பெண். அதனால்தான் பள்ளியில் “கீ வேர்டை அண்டர்லைன் பண்ணு”, “பாயின்ட் பாயின்டா எழுது”, “அடிஷனல் ஷீட் வாங்கு” என்று ஓதுகிறார்கள். ஓதுகிற ஆசிரியரும் ஏப்ரலில் அதே முகாமில் உட்காரப் போகிறவர். அவருக்குத் தெரியாதா என்ன.

பத்தாம் வகுப்பில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்து ஐந்தாறு வரி கவிதை எழுத வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நல்ல கேள்வி! ஆனால் எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு கவிதையை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். மரம் வெட்டும் படம் வந்தாலும் சரி, அம்மா குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் வந்தாலும் சரி, அதே வரிகள். படத்தைப் பார்க்கவே வேண்டாம். நயம் பாராட்டலும் இதே கதைதான். ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’ என்று தலைப்புத் தலைப்பாக வாய்பாடு இருக்கும். கொடுத்த பாட்டிலிருந்து இரண்டு சொல்லைப் பிடுங்கி நடுவில் செருகினால் போதும். பாட்டு எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. மெல்லக் கற்போருக்கு என்று தயாராகும் ஆங்கிலக் கையேடுகளில் எந்தப் பாடத்துக்கும் ஒத்துப்போகிற ஒரு பொதுப் பாராகிராஃபே கிடைக்கும். அதைப் போட்டுத் தேறியவர்கள் ஏராளம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பாடத்தில் ஃபெயிலாகிப் படிப்பை விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மனப்பாடம்தான் எல்லாக் கேடுக்கும் வேர் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நல்ல உரைநடையை நாலு பக்கம் மனதில் ஏற்றிக்கொண்டவனுக்கு வாக்கியம் எப்படி ஓடும் என்ற காது வரும். மூன்று மணி நேரம் விடாமல் கையால் எழுதுகிற உடம்புப் பழக்கமும் லேசானது அல்ல. பிற்பாடு பல்கலைக்கழகத் தேர்வில் அது உதவுகிறது. பள்ளியில் இல்லாமல் போவது வேறொன்று: எழுதியதை இன்னொரு தடவை எழுதுவது. ஒரு பிள்ளை கட்டுரை எழுதும். ஆசிரியர் சிவப்பு மையில் டிக் போட்டு ஆறுக்கு நாலரை கொடுப்பார். நோட்டு அலமாரிக்குப் போகும். ‘இந்த இரண்டாவது பத்தியில் நீ சொல்ல வந்தது புரியவில்லை, இதை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு வா’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பேர் இருந்தால் எப்படிச் சொல்ல முடியும் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் விளைவு என்னவென்றால், எழுத்து ஒரே அடியில் வர வேண்டியது, வராவிட்டால் நமக்கு வராது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஜேனட் எமிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை எழுதச் சொல்லி, எழுதும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து கவனித்தார். பள்ளிக்காக எழுதியதைப் பிள்ளைகள் தாமாகத் திருத்துவதே இல்லை. தமக்காக எழுதியதைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள், மாற்றுகிறார்கள், கூடுதல் நேரம் யோசிக்கிறார்கள் என்று கண்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கண்டுபிடிப்பு நம் வகுப்பறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

சரி, ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் எழுத நன்றாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது கல்லூரியில் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? இங்கேதான் கட் ஆஃப் கணக்கு குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2007-இல் நீக்கிவிட்டார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. அதில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். அதில் வட்டத்தைக் கறுப்பாக்குவதோடு சரி, ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. மொழி மதிப்பெண் எடுபடும் இடங்கள் என்று பார்த்தால் பி.ஏ. தமிழும் பி.ஏ. ஆங்கிலமும். அந்த இரண்டுக்கு மட்டும் அந்தந்த மொழியின் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கணக்கு பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். சீனியர்கள் சொல்வார்கள், ட்யூஷனில் சொல்வார்கள், வீட்டில் மாமா சொல்வார். “லேங்குவேஜ் பாஸ் ஆனா போதும், மேஜர்ல கான்சன்ட்ரேட் பண்ணு.” அப்புறம் தமிழ் பீரியடில் கணக்குப் போடுவார்கள், தமிழாசிரியரும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். கல்லூரிக்குப் போகும் இலக்கை நிர்ணயிக்கிற இரண்டு வருஷத்தில் எழுத்து என்பது கணக்கிலேயே சேராத ஒன்று என்று ஆகிவிட்ட பிறகு, எழுத்தைச் சுற்றி ஒரு ஆசை எப்படி முளைக்கும்? தமிழில் 98 வாங்கிய பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்வதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை; நல்ல படிப்பு, நல்ல சம்பளம். எழுத்து தனக்கு ஒரு பலம் என்பதே அவளுக்குத் தெரியாமல் போவதுதான் நஷ்டம். அதே நேரம், வேறு இடம் கிடைக்காமல் பி.ஏ. தமிழுக்கு வந்து சேர்கிறவர்களில் பலருக்கு எழுத்து பிடித்திருக்காது. யாருக்கு எது போய்ச் சேர வேண்டுமோ அது இடம் மாறிப் போய்ச் சேர்கிறது.

கல்லூரிக்குள் வந்த பிறகும் பழைய பழக்கம் விடுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண்ணில் ஒன்று. அதற்கு முன் 16 மதிப்பெண் கேள்விகள்; ‘சிக்ஸ்டீன் மார்க்’ என்பது ஒரு தலைமுறை இன்ஜினியர்களுக்குப் பழகிப்போன சொல். எத்தனை பக்கம் எழுதினால் எத்தனை மதிப்பெண் என்று விடுதியில் ஒரு எழுதாத விலைப்பட்டியலே இருக்கும். படம் போட்டு, பாயின்ட் போட்டு, பக்கத்தை நிரப்பு. பள்ளிச் சூத்திரமே இங்கேயும் செல்லுபடியாகிறது. அதனால் முதலாண்டு மாணவரிடம் இலக்கு என்ன என்று கேட்டால், “அரியர் இல்லாம முடிக்கணும்” என்ற பதில் முதலில் வருகிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. எழுத்தை ஒரு தடையாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களின் இலக்கு தாண்டுவதாகத்தானே இருக்கும்.

தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு பாரம் கூடுகிறது. பிளஸ் டூவில் விலங்கியலைத் தன் வாக்கியத்தில் விளக்கி எழுதத் தெரிந்த பையன், கல்லூரி முதல் பருவத்தில் ஆங்கில நோட்ஸை வரி வரியாக நெட்டுருப் போடுகிறான். அவனுக்கு விஷயம் தெரியும். எழுத்து அவன் கையிலிருந்து போய்விட்டது. வகுப்பில் செமினார் எடுக்கச் சொன்னால் கடைசி பெஞ்சுக்கு நகர்கிறான். மேல்படிப்பு, ஆராய்ச்சி என்ற பேச்சே அவன் ஆசையிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியபோதும், அதே ஆண்டு தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் வந்தபோதும், இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி திறந்தது. ஆனால் தனியார் கம்பெனி வேலை என்ற கனவு ஆங்கிலத்தோடு கட்டப்பட்டிருப்பதால் அந்த வழியில் போனவர்கள் குறைவு.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் வருகிறது. முதல் முறையாக ஒரு நீண்ட எழுத்து, முதல் முறையாக வழிகாட்டி ஆசிரியர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லும் எழுத்து. பன்னிரண்டு வருஷம் பள்ளியிலும் இரண்டு மூன்று வருஷம் கல்லூரியிலும் பழகாத ஒன்றை ஒரே பருவத்தில் செய்யச் சொன்னால் என்ன நடக்கும்? ப்ராஜெக்ட் சென்டர் நடக்கும். சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் தலைப்பு, ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிற கடைகள் வாழ்வது இதனால்தான். இப்போது அந்தக் கடை கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. கேட்டால் ஏஐ எழுதித் தருகிறது. இதைக் கண்டு கல்லூரிகள் பதறுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. கைடிலிருந்து எடுத்து எழுதியதற்கு மதிப்பெண் கொடுத்து வளர்த்துவிட்டு, இப்போது ‘சொந்தமாக எழுது’ என்றால், சொந்தம் என்றால் என்ன என்று பிள்ளை எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்?

எல்லோரும் இப்படி ஆகிவிடுவதில்லை. வித்தியாசமாக வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் பாடத்துக்கு வெளியே எங்கோ எழுதியிருப்பார்கள். பேச்சுப் போட்டிக்குத் தானே உரை தயாரித்த பெண், அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டி, அவர் கொட்டாவி விட்ட இடத்தை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதியிருப்பாள். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பையனுக்கு நண்பர்கள் எதைப் படித்தார்கள், எதைப் புரட்டிவிட்டுப் போனார்கள் என்று தெரிந்திருக்கும். தமிழ் வளர்ச்சித் துறை பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்து 7,000, பிறகு 5,000. பரிசு வாங்கியவர்கள் கல்லூரியில் சட்டம், இதழியல், குடிமைப் பணி என்று பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். பணத்தைவிட, முகம் தெரிந்த யாரோ தன் எழுத்தைப் படித்தார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெம்பு. மற்றவர்களுடைய எழுத்து விடைத்தாள் முகாமுக்குப் போய் எண்ணாகத் திரும்பி வந்தது. இவர்களுடையது ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இரண்டு சிறுவர் இதழ்களை நடத்துகிறது. பிள்ளைகளின் ஆக்கங்களும் அவற்றில் வருகின்றன. ஊஞ்சல் 4, 5-ஆம் வகுப்புக்கு. தேன்சிட்டு 6 முதல் 9 வரை. நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் எங்கே நிற்கிறது பாருங்கள். பொதுத்தேர்வு தொடங்கும் பத்தாம் வகுப்பின் வாசலில்.

பள்ளியில் நன்றாக எழுதினோம் என்ற நினைப்பே சிலருக்குத் தடையாவதும் உண்டு. ஹார்வர்டில் நான்சி சாமர்ஸ் என்ற பேராசிரியர் 1997-இல் சேர்ந்த மாணவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்பு முடியும் வரை தொடர்ந்து கவனித்தார். கல்லூரி எழுத்தில் தான் ஒரு புதுமுகம் என்று முதல் வருஷத்திலேயே ஒப்புக்கொண்டவர்கள் வளர்ந்தார்கள். பள்ளியில் பாராட்டு வாங்கித் தந்த பழைய சூத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அங்கேயே நின்றார்கள். எழுத்தில் தனக்கு ஏதோ ஒரு அக்கறை இருக்கிறது, இது வெறும் அசைன்மென்ட் இல்லை என்று உணர்ந்ததும் வளர்ந்தவர்களிடம் சேர்ந்தே இருந்தது. நம் ஊரில் பள்ளிச் சூத்திரத்தைக் கெட்டியாகப் பிடித்திருப்பவர்கள் சுமாரான மாணவர்கள் மட்டும் இல்லை, சென்டம் வாங்கியவர்களும்தான். முதல் அசைன்மென்டில் நீளமான முன்னுரையும் ‘இவ்வாறாக’ என்று தொடங்கும் முடிவுரையும் போட்டு, நடுவில் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாமல் கொடுத்துவிட்டு, ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கண் கலங்கி நிற்பவர்கள் அவர்களே.

டிகிரி முடியும் நேரத்தில் இதெல்லாம் ஒரு இடத்தில் வந்து கூடுகிறது: போட்டித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ஒரே தாள், 200 கேள்வி, 300 மதிப்பெண், எல்லாம் கொள்குறி வகை. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு அது; ஆனாலும் பட்டதாரிகள் குவிகிறார்கள். குரூப் 1, குரூப் 2 என்றால் முதன்மைத் தேர்வில் விரித்து எழுத வேண்டும். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு மட்டும் தனியாக ஒரு தாள். இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 125 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழிலேயே எழுதலாம். குரூப் 4-க்கு இவ்வளவு கூட்டம் சேர்வதற்குக் காலியிடங்களின் எண்ணிக்கையும் ஒரே தேர்வில் முடிந்துவிடுவதும் முக்கியக் காரணங்கள்தான். ஆனால் பயிற்சி மையங்களில் படிப்பவர்களிடம் குரூப் 2 ஏன் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். “மெயின்ஸ்ல எழுதணும் சார், அது நமக்கு செட் ஆகாது” என்ற பதில் அடிக்கடி கிடைக்கும். பிரிலிமினரியில் தேறும் அளவுக்குப் படித்தவர் சொல்வார் இதை. குரூப் 1 எழுதித் துணை ஆட்சியராகவோ குரூப் 2 எழுதிச் சார்பதிவாளராகவோ வந்திருக்கக்கூடியவர், பள்ளியில் வாங்கிய ஆறுக்கு நாலரையை இன்னும் சுமந்துகொண்டு, எழுத வேண்டாத தேர்வைத் தேடுகிறார்.

முதன்மைத் தேர்வுப் பயிற்சியில் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பதில் எழுத வைக்கிறார்கள், ஒருவர் படித்துவிட்டு எந்த இடத்தில் வழுக்குகிறது என்று சொல்கிறார், அதையே திரும்ப எழுத வைக்கிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் ‘எனக்கு எழுத வராது’ என்று வந்தவர்களில் பலர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளியில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை இருபத்து மூன்று வயதில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்குகிறார்கள். பணம் கட்ட முடியாதவர் குரூப் 4 கேள்வி வங்கியைப் புரட்டுகிறார்.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017-18 கல்வியாண்டில் வந்தது. தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக்கொண்டு நேராகப் பிளஸ் டூ நடத்துகின்றன என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. ஆக, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் விடைக்குறிப்பின் நிழல் விழாத ஒரு வருஷம் மறுபடி கிடைத்திருக்கிறது. அந்த வருஷத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே ஒரு கட்டுரையை, பெயர் போட்டு, தன் ஊரைப் பற்றியோ தன் வீட்டுத் தொழிலைப் பற்றியோ எழுதச் சொல்லி, ஒரு முறை திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கலாம். அதற்குப் புதுப் பாடநூல் வேண்டாம், அரசாணைகூட வேண்டாம். தமிழாசிரியருக்கு வாரத்தில் இரண்டு பீரியடும், வகுப்பில் நாற்பதுக்கு மேல் போகாத பிள்ளைகளும் வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். அதைவிடக் கஷ்டம், அந்த இரண்டு பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் கேட்காமல் இருப்பது.